ஆயாக்கொட்டகை போய்ப் போன் வந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பேச்சுப் பயிற்சி தரும் அறைக்கு, இரண்டரை வயதுப் பேரனைப் பாட்டி ஒருவர் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். பையன் ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணுகிறான், நிறங்களைச் சொல்கிறான். ஆனால் தாகமெடுத்தால் 'தண்ணி' என்று கேட்கத் தெரியவில்லை. பாட்டி கையைப் பிடித்து இழுத்துப் போய் ஐஸ்பெட்டி முன்னால் நிற்கிறான்.

"போன் காட்டினாத்தான் டீச்சர் வாயைத் திறக்கிறான்" என்றார் பாட்டி.

அவர்மேல் எனக்குத் துளியும் குறையில்லை. அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் தாய்மார், பிள்ளைகளை ஆயா ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். அங்கே பிள்ளைகள் அடித்துக்கொள்ளும், அழும், அதிலேயே பேச்சும் வந்துவிடும். இப்போது மகன் செம்பனைக்குலை லோரி ஓட்டுகிறார், மருமகளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் மூட்டுவலியோடு ஒரு பாட்டி, ஒற்றைப் பிள்ளை. வேறு என்னதான் செய்வார்?

பேச்சு, காதில் விழுவதால் மட்டும் வருவதில்லை. பிள்ளை 'ஆ' என்றால் நாம் 'என்னய்யா?' என்று கேட்டுக் காத்திருக்கிறோம், அது மறுபடி ஏதோ சொல்கிறது. போன் காத்திருக்காது, அடுத்த பாட்டுக்குப் போய்விடும். யாரும் பார்க்காமல் 'துணைக்கு' ஓடும் டிவியும் அப்படித்தான். 2009இல் அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

முதலில் காது பரிசோதனைக்கு அனுப்பினேன். கேட்கும் திறனில் குறையில்லை. அப்புறம் நான்கு வாரம் திரையைத் தள்ளிவைக்கும்படி வீட்டாரைக் கேட்டேன். பையனுக்கு முழுநாளும் திரை கிடையாது. பெரியவர்களுக்கு மாலை 6 மணியிலிருந்து அவன் தூங்கும்வரை. ஜொகூரில் இருக்கும் அத்தையோடு பேசும் வீடியோ கால் மட்டும் இருக்கட்டும், அது பதில் சொல்லும் முகம். "மில்லிலிருந்து கூப்பிட்டால்?" என்றார் அப்பா. சரி, மணியடிக்கும்படி ஐஸ்பெட்டி மேல் வையுங்கள், அடித்தால் மட்டும் எடுங்கள் என்றேன்.

முதல் மூன்று நாள் வீடு ரணகளம். சோற்றுத் தட்டு பறந்தது. இரண்டாம் நாள் இரவு பாட்டி அழுதுகொண்டே கூப்பிட்டார், பிள்ளை சாப்பிடாமல் தூங்கிவிட்டானாம். அவன் எடை சரியாக இருந்ததால், காலையில் பசித்துக் கேட்பான், கவலைப்படாதீர்கள் என்று தைரியமாகச் சொன்னேன். மறுநாள் அவர் நெத்திலி ஆய உட்கார்ந்தபோது பையனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார். ஒரு கிண்ணம் தலைக்கு, ஒரு கிண்ணம் மீனுக்கு. "தலையைப் பிச்சு... போடு." ஒவ்வொரு மீனுக்கும் அதே சொல். நான் சொல்லிக் கொடுக்காத பயிற்சி இது. என் அறையில் அட்டைகளை வைத்துக்கொண்டு நான் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

முரண்டு பிடித்தது பையன் இல்லை, அப்பாதான். சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார், பையன் கதவுக் கம்பியைப் பிடித்து அழுதபடி நிற்பான். இரண்டாவது வாரம் அவரை மட்டும் வரச்சொல்லிப் பேசினேன். பதினான்கு மணி நேரம் லோரியில் இருப்பவருக்கு அது ஒன்றுதான் ஓய்வு, எனக்குப் புரியாமலில்லை. பையன் தூங்கியதும் பாருங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் 'போடு' வந்தது. நான்காவது வாரம் என் அறைச் சன்னலுக்கு வெளியே குலை லோரி போனபோது திரும்பிப் பார்த்து, "அப்பா லோரி" என்றான். பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வயதுக்கு இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான், வாராவாரம் பயிற்சிக்கு வருகிறான்.

எல்லாத் தாமதத்துக்கும் போன் காரணமில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், 'அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று காத்திருக்காதீர்கள். போனை எடுத்து வைப்பதை இன்றே தொடங்கலாம், ஆனால் அதன் பலனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்க வேண்டாம். இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போய்க் காது பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள்.