திமிங்கிலம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் படகை விசாரியுங்கள்

கோடை விடுமுறை நெருங்கும்போது, முதுகுவலிக்காக என்னிடம் வருபவர்களில் சிலர் பயணத் திட்டத்தோடு வருகிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சகனே ஆறு செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் கலக்கும் தாதூசாக் கரைக்குத் திமிங்கிலம் பார்க்கப் போகிறார்கள். தேதி, விடுதி, கேமரா எல்லாம் முடிவாகியிருக்கும். எந்த வகைப் படகு என்று கேட்டால் யோசிப்பார்கள். முதலில் முடிவாக வேண்டியதே அதுதான்.

அங்கே பெரிய கப்பலும் உண்டு, காற்றடைத்த ரப்பர் படகும் உண்டு. ரப்பர் படகில் நீர்மட்டத்துக்கு அருகிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் அது வேகமாக அலைமேல் ஏறித் தொப்பென்று விழும்போது, இருக்கையில் விழும் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. விலா எலும்புகள் முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் முள்ளெலும்பு நசுங்கிவிடலாம். படகு கவிழ வேண்டியதில்லை, மோசமான ஓர் அலை போதும். பிரிட்டனில் கடல் விபத்துகளை விசாரிக்கும் அரசு அமைப்பு, உல்லாசப் பயணிகளுக்கு இப்படி நேர்ந்த முறிவுகளைப் பதிவு செய்திருக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், ஏற்கெனவே முதுகில் முறிவோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் ரப்பர் படகில் ஏறவே வேண்டாம் என்பேன். "தினமும் நடக்கிறேன் டாக்டர், எனக்கு ஒன்றும் இல்லை" என்பார்கள். எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது நடையில் தெரியாது. மற்றவர்களும் முன்வரிசையைத் தவிருங்கள். அடி அதிகம் விழுவது அங்கேதான். வேகத்தைக் குறைக்கும்படி படகோட்டியிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இறங்கிய பின் முதுகு வலித்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

ஜூலையிலும் கம்பளி உடை வேண்டும். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் அங்கே மேலெழுகிறது. அது கொண்டுவரும் இரைக்காகத்தான் திமிங்கிலங்களே வருகின்றன. அத்தகைய நீரில் தவறி விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாடின்றித் திணறும், நீச்சல் உதவாது. அதனால் உயிர்காப்பு உடையை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ இருந்தால் எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முதுகு இடம் தராதவர்களுக்கும் வழி இருக்கிறது, அதையே நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். தாதூசாக்கிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள காப் தெ பான் தெசிர் முனையில், கரைப் பாறைகளில் அமர்ந்தே திமிங்கிலம் பார்க்கலாம். கரையை ஒட்டியே நீர் ஆழமாக இருப்பதால் மிங்கி திமிங்கிலங்கள் வியக்கும்படி அருகில் வருகின்றன. நாம் படகில் போகாததால், இரைச்சலால் அவற்றுக்கும் தொந்தரவில்லை. பாறை சில்லென்றும் கரடுமுரடாகவும் இருக்கும். வழுக்காத காலணியும், அடியில் போட்டுக்கொள்ள ஒரு மெத்தைத் துண்டும் பையில் இருக்கட்டும்.