கைக்காசுக்குள் ஒரு கொம்பவுண்ட் வில்: வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை

மலையகத்திலிருந்து கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் வேலைக்கோ படிப்புக்கோ போன பிள்ளைகள் சிலர் அங்குள்ள நண்பர்களோடு வேட்டைக்குப் பழகிக்கொண்டு, இணையத்தில் கண்ட ஒரு கொம்பவுண்ட் வில்லின், அதாவது முனைகளில் சக்கரம் பூட்டிய வில்லின், படத்தையும் விலையையும் அனுப்பி, "மாஸ்டர், இது நல்ல சாமானா, வாங்கலாமா?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வில்வித்தை பழக்குவதும் பழுதான வில்லைச் சீர்செய்து கொடுப்பதும் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. படத்தைப் பார்த்து ஒரு வில்லை நல்லது, கெட்டது என்று என்னால் சொல்ல முடிவதில்லை. கேட்பவரின் கை நீளம், தோளின் வலு, எந்த விலங்கு, எந்த நாட்டுச் சட்டம் ஆகிய நான்கும் தெரியாமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் அவருடைய பணத்தை வீணாக்கும்.

இங்கிருந்தபடியே கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெலிமடைப் பக்கத்திலும் நுவரெலியாப் பக்கத்திலும் காட்டுப்பன்றி ஓரிரவில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போனால் ஒரு குடும்பத்தின் போகமே போய்விடுகிறது என்பதும், அந்த ஆத்திரத்தில் வில் வாங்க நினைப்பதும் எனக்குப் புரியாதவை அல்ல. ஆனால் இலங்கையில் வன விலங்குகள் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மரையையும் சிறுத்தையையும் கொல்வது குற்றம். பன்றித் தொல்லைக்கு எது செய்யலாம், எது செய்யக் கூடாது என்பதை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் கமநல சேவை நிலையத்திடமும் நேரில் கேட்டறிவதே முறை. "கம்பிச் சுருக்கு வைப்பதை விட வில் மேல்தானே" என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். சுருக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு, 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கி, மீட்கப்பட்ட பின்னும் பிழைக்காமல் போன கருஞ்சிறுத்தையே போதும். அதற்காக வில் சட்டபூர்வமாகிவிடாது. அத்தோடு, இரவில் வயிற்றில் அம்பு தைத்த பன்றி அங்கேயே விழுவதில்லை. அது தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து படுத்துக்கொள்ள, காலையில் பிரட்டு எனப்படும் ஆள்கணக்கு முடிந்து அந்த மலைக்கே கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அதன் முன்னால் நிற்க நேரிடும். ஆகவே கீழே வேட்டையைப் பற்றி எழுதுவதெல்லாம் வில் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில், உரிமப் பத்திரத்தோடு போகிறவர்களுக்கானது. இங்கு இலக்குக்கு மட்டும் எய்யப் பழகுவோருக்கும் தேர்வு முறையில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கவனிக்க வேண்டியது இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதாக இழுத்தபோது வில்லின் பிடியிலிருந்து நாண் வந்து நிற்கும் தூரம். சாதாரண வில்லில் கை எட்டிய மட்டும் இழுக்கலாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் 1960களில் உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்ற கொம்பவுண்ட் வில்லிலோ, இரு முனைகளிலும் உள்ள, நாண் சுற்றிவரும் கேம் எனப்படும் சக்கரங்கள் ஓரிடம் வரைதான் சுழலும்; அங்கே நாண் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அந்த இடம் உங்கள் கைக்கு ஏற்ற இடமாக அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த வில்லும் உங்களுக்குப் பிறத்தியாருடையதுதான். அளப்பது எளிது. சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் தோள் மட்டத்தில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ உங்கள் இழுப்பு நீளம் கிடைக்கும். விரித்த கை 65 அங்குலமானால் இழுப்பு நீளம் 26 அங்குலம்.

எங்கள் ஆட்களுக்கு இந்த இடத்தில்தான் பெரும்பாலும் பிசகுகிறது. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய வில்கள் பெரும்பாலும் ஆறடி உயரக்காரர் பாவித்து, 29 அல்லது 30 அங்குலத்தில் நிறுத்தப்பட்டவை. 26 அங்குலம் வேண்டியவர் அதை இழுத்தால் தலை பின்னால் சாயும், முன்கை முறுகி நிற்கும், எய்யும்போது நாண் முழங்கைக்குக் கீழே சுளீரென்று உரசும். இரண்டு கிழமை சிவந்த கையோடு திரிந்த பின் "எனக்கு வில் சரிவராது" என்று விட்டுவிடுவார்கள். கேமில் மொடியூல் எனப்படும் சிறு தகட்டை அறுகோணச் சாவியால் (அலன் கீ) தளர்த்திச் சுழற்றினாலே நீளம் மாறும் வகை வில்லா, அல்லது ஒவ்வோர் அரை அங்குலத்துக்கும் வேறு தகடோ வேறு கேமோ வாங்க வேண்டிய வகையா என்பதை விற்பவரிடம் கேட்டு, முடிந்தால் அந்தத் துளைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். கேமை மாற்றுவதற்கு வில்லை நெருக்கிப் பிடிக்கும் பிரெஸ் வேண்டும். அது இல்லாத ஊரில் இருந்துகொண்டு கயிறும் கட்டையுமாக நாணைக் கழற்ற முற்படுவது கண்ணையும் விரலையும் பணயம் வைப்பதாகும். பிரெஸ் உள்ள கடை எத்தனை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்பதும் வில்லின் விலையில் ஒரு பகுதியே.

அடுத்தது இழுப்பு எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை. இதை இறாத்தலில் குறிப்பார்கள். 70 இறாத்தல் என்று பெட்டியில் இருந்தால் இளைஞர்களுக்கு அது ஒரு மானப் பிரச்சினையாகிவிடுகிறது. நான் வைக்கும் சோதனை சாதாரணமானது: ஒரு நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, வில்லை இலக்கின் மட்டத்திலேயே நீட்டிப் பிடித்தபடி இழுக்கச் சொல்வேன். வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, உடம்பை நெளித்து, மூச்சுப் பிடித்துத்தான் இழுக்க முடிகிறதென்றால் அந்த எடை அவருக்கு அதிகம். காட்டில் குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்த பின், தடித்த ஜாக்கெட்டோடு, மானின் கண் எதிரே இருக்கும்போது இழுக்க வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. முழுதாக இழுத்தபின் கேம் சுழன்றுவிடுவதால் கையில் சுமை குறைந்துவிடும். 80 வீதம் குறையும் 50 இறாத்தல் வில்லைப் பிடித்து நிற்கப் 10 இறாத்தல் விசையே போதும். சிரமம், சுமை குறையும் அந்த இடம் வரை இழுப்பதில்தான். புதிதாகத் தொடங்கும் ஆண்கள் பெரும்பாலானோருக்கு 40 முதல் 50, பெண்களுக்கு 30 முதல் 40 என்பது நல்ல ஆரம்பம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 18 கிலோகிராம், அதாவது 40 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. மூஸ் எனும் பெரிய மானினத்துக்கும் கரடிக்கும் அது 22 கிலோகிராம்.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடப்படும் அம்பின் வேகத்தை நம்பிக் காசைக் கொட்டுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத பழக்கம். வினாடிக்கு 320 அடி என்று ஒரு பெட்டியில் இருந்தால், அது 70 இறாத்தல் எடையில், 30 அங்குல இழுப்பில், வெறும் 350 கிரெயின் (அம்பை நிறுக்கும் சிறிய அலகு) நிறையுள்ள அம்பை எய்து அளந்தது. நீங்களோ 27 அங்குலத்தில் 50 இறாத்தல் இழுத்து, வேட்டைக்கு ஏற்ற 400 கிரெயின் அம்பை எய்யப் போகிறீர்கள். இழுப்பில் ஓர் அங்குலம் குறைய 10 அடி, எடையில் ஓர் இறாத்தல் குறைய 2 அடி, அம்பில் 3 கிரெயின் கூட 1 அடி என்ற கைக்கணக்கில் முறையே 30, 40, 17 அடி கழிய, மிஞ்சுவது 233. அந்த வேகத்தில் கூரான முனையோடு சரியான இடத்தில் தைக்கும் அம்பு மானுக்குத் தாராளம். 340 அடி வில்லுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பவர் வாங்குவது, தமக்குத் தேவையே இல்லாத இருபது அடியை.

பணக் கணக்குக்கு வருவோம். முன்னணி நிறுவனங்களின் உச்ச ரக வில் 1,200 அமெரிக்க டொலருக்கு மேல், அதுவும் வெறும் வில் மட்டும். அதே துறையில் ஏறத்தாழ 400 டொலர் அளவில், குறிபார்க்கும் கருவி, அம்பு தாங்கி, அம்புக்கூடு எல்லாம் பூட்டியே வரும் தொகுதிகள் இருக்கின்றன. பெயார் க்ரூஸர் ஜி2 (12 முதல் 30 அங்குலம்), டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ (13 முதல் 31 அங்குலம்) ஆகியவை அந்த ரகம். இரண்டும் 5 முதல் 70 இறாத்தல் வரை ஒரே வில்லிலேயே மாற்றக்கூடியவை. சின்ன உடம்புக்காரருக்கும், வீட்டில் இருவர் ஒரே வில்லைப் பகிர்வதற்கும், எடையை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போவதற்கும் இவற்றை விடப் பொருத்தமானவை அந்த விலையில் குறைவு. கவனிக்க வேண்டியது, தொகுதியில் இல்லாதவை: அம்புகள், நாணை விடுவிக்கும் ரிலீஸ், வேட்டை முனைகள், பழகுவதற்கான இலக்கு, உறை. கையில் உள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கை இவற்றுக்கென ஒதுக்கிவிட்டு மிகுதிக்கு வில் பார்க்கச் சொல்வதே என் வழக்கம்.

அம்பில் மிச்சம் பிடிப்பதுதான் மிக ஆபத்தானது. அம்பின் மேல் 400, 500 என்று இருக்கும் எண் அதன் வளையும் தன்மை: 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்து நடுவில் 1.94 இறாத்தல் தொங்கவிட்டால் 500 என்ற அம்பு அரை அங்குலம் வளையும். 50 இறாத்தலுக்கும் 27 அங்குலத்துக்கும் பொதுவாக 500 பொருந்தும். 60 இறாத்தலும் 28 அங்குலமும் என்றால் 400. வில்லின் ஓர் இறாத்தலுக்கு 5 கிரெயினுக்குக் குறைந்த அம்பை எய்வது, அம்பே இல்லாமல் வெறும் நாணை விடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். வில்லின் கைகள், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பட்டைகள், வெடிக்கலாம். கல்லிலோ மரத்திலோ பட்ட காபன் அம்பை மறுபடி எய்வதற்கு முன், இரு முனைகளையும் பிடித்துக் காதருகே மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு நெரிசல் சத்தம் கேட்டாலும் அதை முறித்து எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எய்தலில் அது பிளந்து இடக்கையில் ஏறும். மட்டமான பன்னிரண்டை விட ஒரே நிறையுள்ள நல்ல ஆறு போதும்.

பழைய வில் வாங்குவது தவறில்லை. எனக்கு அது பிடித்த வழியும்கூட. கொஞ்சம் பஞ்சை எடுத்து வில்லின் இரு கைகளிலும் முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். எங்கு இழை சிக்குகிறதோ அங்கே கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு பெயர்ந்திருக்கிறது. கேமின் விளிம்பில் நெளிவு இருந்தால், யாரோ அம்பில்லாமல் நாணை விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். நாண் மயிர் பிரிந்திருந்தாலோ, மேலே சுற்றிய நூல் விலகி இடைவெளி தெரிந்தாலோ, புது நாணின் விலையையும் மாற்றும் கூலியையும் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். நாண் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எப்படியும் மாற்ற வேண்டியதுதான். நானுஓயா, ஹப்புத்தளை மாதிரி ஓயாமல் மூடுபனி இறங்கும் இடங்களில் வைத்திருப்பவர்கள் நாணுக்கு மெழுகும், ஆணிகளுக்கும் அச்சுகளுக்கும் ஒரு துளி எண்ணெயும் போட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டே உறையில் வைக்க வேண்டும். உறைக்குள் ஈரத்தோடு பூட்டிய வில் எப்படித் துருவேறுகிறது என்பதை என் மேசையில் அடிக்கடி பார்க்கிறேன்.

மலைக்காரர்களுக்கு என்று ஒரு விடயம் உண்டு. சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எய்யும்போது கண் காணும் தூரத்துக்கு அல்லாமல் கிடைத்தூரத்துக்குத்தான் குறி வைக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 40 மீற்றர் தள்ளி நிற்கும் இலக்கு, அம்பின் கணக்கில் 35 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. இதை மறந்தால் அம்பு விலங்கின் முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகை மட்டும் கிழித்துவிட்டுப் போகும். சரிவுக் கணக்கைத் தானே போடும் தூரமானி இருந்தால் நல்லது. அதற்குக் காசில்லாதவர் 25 மீற்றருக்கு மேல் எய்யாமல் இருந்தால் அந்தப் பிழை மிகவும் சிறுத்துவிடும்.

போகிற நாட்டின் சட்டத்தை வில் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வில்லால் வேட்டையாடுவது தடை. அங்குள்ளவர் வாங்கினால் இலக்குக்கு மட்டுமே. நியூசிலாந்தில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிலங்களில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஒன்ராறியோவில் வேட்டைப் பயிற்சி வகுப்பும் உரிமப் பத்திரமும் இன்றிக் காட்டுக்குள் போக முடியாது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது வில்லையும் கொண்டுவர நினைப்பவர்கள், விமான நிறுவனத்திடமும் இலங்கைச் சுங்கத் திணைக்களத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். இங்கு இலக்குக்கு எய்யப் போகிறவர்கள் வாங்கும்போதே உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் போட்டி எல்லையான 60 இறாத்தலுக்குள் நிற்பது நல்லது; ஆணும் பெண்ணும் சேர்ந்து எய்யும் கொம்பவுண்ட் கலப்புக் குழுப் போட்டி 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, அதன் தூரம் 50 மீற்றர், இலக்கின் விட்டம் 80 சென்ரிமீற்றர்.