சிலேடை: ஒட்டிக்கொண்ட இரண்டு பொருள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு டீக்கடை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து இரண்டு வாரம் ஓடிவிட்டது. நாற்றங்கால் விட முடியாத எரிச்சலில் ஒரு பெரியவர், "இன்னும் கடைக்குத் தண்ணி வரலையே" என்றார். டீத்தூளை மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிராமலே, "பானை நெறையக் கெடக்கு மாமா, மொண்டு குடிங்க" என்றார். பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்ன கடை கடைமடை, வாய்க்காலின் வால். இவர் எடுத்துக்கொண்டது டீக்கடை.

"நல்ல சிலேடை" என்றார் பக்கத்தில் இருந்தவர். சிலேடைதானா அது? கொஞ்சம் பொறுங்கள்.

சிலேடை வடசொல். ஶ்லேஷம் என்பது மூலம். 'ஒட்டு, தழுவு' எனப் பொருள்படும் ஶ்லிஷ் என்ற வேரிலிருந்து வந்தது. விஷம் விடமாகவும் வேஷம் வேடமாகவும் ஆனது போல ஷகரம் டகரமாயிற்று. முன்னால் நின்ற கூட்டெழுத்து நம் வாய்க்கு வராததால் 'சிலே' என்று பிரிந்தது. இந்த வேரில் பிறந்த வேறு இரண்டு சொற்களும் நம் வீட்டில் புழங்குகின்றன. ஒன்று, நாட்டு வைத்தியர் நாடி பார்த்துச் சொல்லும் வாதம், பித்தம், சிலேத்துமத்தில் உள்ள சிலேத்துமம். கபம் ஒட்டும் அல்லவா. மற்றது ஆயில்யம், வடமொழியில் ஆஶ்லேஷா, தழுவிச் சுற்றிக்கொள்வது. அதற்குத் தேவதை பாம்பு என்பதில் வியப்பில்லை. சளிக்கும் பாம்புக்கும் கவிதைக்கும் ஒரே வேர்.

தமிழில் இதற்குப் பெயர் இரட்டுற மொழிதல். புதிதாகக் காய்ச்சிய கலைச்சொல் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, நன்னூல் நூலுக்குரிய உத்திகள் 32 என்று அடுக்கும் வரிசையிலேயே இது இருக்கிறது. அங்கே இது கவிதை அலங்காரம் அல்ல. ஒரே சூத்திரத் தொடரை இரண்டு பொருளுக்கும் இடம்கொடுக்கும்படி அமைக்கும் நூலாசிரியரின் சிக்கனம். பின்னால்தான் புலவர்களின் விளையாட்டுக்கும் அந்தப் பெயர் பொருந்திப் போயிற்று. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: இரட்டு, உற, மொழிதல். 'உற' என்றால் பொருந்த. வடமொழிக்காரர் 'ஒட்டு' என்றார், நம்மவர் 'உறு' என்றார். இரண்டு மொழியும் ஒரே விஷயத்தைத்தான் பிடித்திருக்கின்றன: இரண்டு பொருள் இருந்தால் போதாது, இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும்.

தண்டியலங்காரம் சிலேடையைப் பொருளணியில் வைத்து, செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாகப் பிரிக்கிறது. இந்தச் 'செம்மொழி'க்கும் 2004இல் தமிழுக்கு மத்திய அரசு அறிவித்த செம்மொழித் தகுதிக்கும் தொடர்பில்லை. சொல் உடையாமல் முழுசாக நின்று இரண்டு பொருள் தந்தால் செம்மொழி. உடைத்தால்தான் இரண்டாவது பொருள் வரும் என்றால் பிரிமொழி.

செம்மொழிக்கு நம் நாகப்பட்டினத்துச் சத்திரமே சாட்சி. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் பசியோடு போய், ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்து பாடியதாகச் சொல்லும் வெண்பா:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பொழுது சாயும்போதுதான் அரிசியே வருகிறது. குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடுகிறது. இலையில் ஒரு அகப்பை சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுகிறது. சரியான வசை. சத்திரத்துக்காரர் பதறிக் கெஞ்ச, புலவர் அதே பாட்டை வாழ்த்தாகத் திருப்பினாராம். நாட்டில் அரிசியே அத்தமித்துப் போகிற பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும். உலையில் இட்டால் ஊர்ப்பசி அடங்கும். இலையில் இட்ட சோறு வெள்ளி எழுந்தது போல வெளேரென்று இருக்கும். ஒரு எழுத்து மாறவில்லை.

பிரிமொழிக்கும் அவரிடமே போகலாம். பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கிப் பாடிய வெண்பாவில் 'பிண்ணாக்கும் உண்டாம்' என்று ஒரு இடம். எள்ளுக்கு, செக்கில் ஆட்டியபின் மிஞ்சி மாட்டுக்குப் போகும் பிண்ணாக்கு. பாம்புக்குச் சொல்லை உடைக்க வேண்டும்: பிள் நாக்கு, பிளந்த நாக்கு. அதே பாட்டில் 'மூடித் திறக்கின் முகங்காட்டும்' என்பது எனக்கு இன்னும் பிடித்தது. கூடையைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும். எண்ணெய்க் குடத்தைத் திறந்து குனிந்தால் நம் முகம் தெரியும். காவிரியைக் கா, விரி என்று உடைத்து, சோலையை விரிப்பவள் என மேடையில் முழங்குகிறார்களே, அதைச் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் பிரிமொழி விளையாட்டாக ரசித்தால் சண்டை வராது.

மடக்கை இதனோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மடக்கில் அதே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வந்து, வரும்போதெல்லாம் வேறு பொருள் தரும். சீர்காழியில் பிறந்த சம்பந்தர் 'பிரம புரத்துறை பெம்மா னெம்மான்' என்ற ஒரே அடியை நான்கு முறை வைத்துப் பாட்டாக்கிய ஏகபாதம் அந்தக் குடும்பத்தது. சிலேடையில் சொல் ஒருமுறைதான் வரும். எதுகை மோனையாகப் பேசுகிறவரை 'சிலேடைச் செல்வர்' என்று நோட்டீசில் போடுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சினிமாவின் 'ரெட்டை அர்த்தம்'? அங்கே முதல் பொருள் வெறும் சாக்கு. யாரும் அதைக் கேட்பதேயில்லை. ஒட்டு இல்லை, அதனால் சிலேடையும் இல்லை. பேச்சில் சிலேடை என்றே சொல்லிக்கொள்ளலாம், அது நம் சொல்லாகி வெகுகாலமாயிற்று. பாட்டுக்கு உரை எழுதும்போது நான் இரட்டுற மொழிதல் என்றுதான் எழுதுவேன். வேலை என்ன என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இப்போது டீக்கடை. இலக்கணப்படி, மொழிகிறவர்தான் இரட்டுற மொழிய வேண்டும். பெரியவர் ஒற்றையாகத்தான் மொழிந்தார். இரண்டாவதைக் கொண்டுவந்து ஒட்டியவர் கடைக்காரர். அப்படிக் கறாராகப் பார்த்தால் நாகைப் பாட்டும் மாட்டிக்கொள்ளும். சத்திரத்துக்காரர் கெஞ்சுவதற்கு முன்னால் காளமேகத்தின் மனதில் எத்தனை பொருள் இருந்தது?