சொல் விளக்கம்: ட்ரஸ்டி

ஹட்டனில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், லோயர் கடையை ட்ரஸ்ட்டுல எழுதச் சொல்றார். ட்ரஸ்ட்டுக்காரங்க வீடுதானே கட்டிக் குடுப்பாங்க? கடையை எதுக்கு அவங்களுக்கு எழுதணும்?"

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல. மலையகத்தில் 'ட்ரஸ்ட்' என்றால் தோட்ட வீடமைப்பையும் பிள்ளைக் காம்பராக்களையும் பார்க்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்தான். அதே லோயர் 'எஸ்டேட் பிளானிங்' என்றும் சொல்லியிருப்பார். எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலை மலையும் தொரை பங்களாவும் பெரட்டுக் களமும் கண்ணில் வரும். சட்டத்திலோ அது ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் ஆதனம் முழுவதும்.

'ட்ரஸ்ட்' பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. நம்பிக்கை, துணை என்று பொருள். 'ட்ரஸ்டி'யின் வாலில் உள்ள 'ஈ' பழைய சட்டப் பிரெஞ்சு விட்டுப்போன மிச்சம். செயலைச் செய்பவரை விட்டு, அதை ஏற்பவரைக் காட்டும். ஆக, ட்ரஸ்டி நம்புகிறவர் அல்லர், நம்பப்பட்டவர். ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்த உரோம ஒல்லாந்தச் சட்டத்திலும் இதற்கு ஒரு பங்காளி இருந்தது: 'ஃபிடெயிகொமிஸம்', நம்பிக்கையிடம் ஒப்படைத்தது என்று பொருள். 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதை இலங்கையில் ஒழித்துவிட்டது. ட்ரஸ்ட் மட்டும் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இன்றும் நடக்கிறது.

அந்தச் சட்டம் சொல்வதன் சாரம் இது: சொத்தின் உடைமையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கடப்பாடு, உடைமையாளர் மீது வைத்த நம்பிக்கையும், அதை அவர் ஏற்றுக்கொண்டதும்தான் அதன் வேர், பயன் இன்னொருவருக்கு. சொத்து ட்ரஸ்டியின் பேரில்தான் இருக்கும், ஆனால் அவர் அனுபவிக்க அல்ல. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் பிடிப்பதில்தான் தமிழ் திணறியிருக்கிறது.

'தர்மகர்த்தா' கோயில் வாசலைத் தாண்டாது. தமிழ்நாட்டின் 'அறங்காவலர்', 'அறக்கட்டளை' இரண்டும் அழகான சொற்கள். ஆனால் நோயாளி மகளுக்காக அப்பன் கடையை ஒதுக்கி வைப்பதில் அறம் எங்கே, கட்டளை எங்கே? அது குடும்ப விஷயம். 'பாதுகாவலர்' என்றால் சொத்து அவர் பேரில் இல்லை என்றாகிவிடும். 'அடைக்கலம்' எனக்குப் பிடித்த சொல். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்த காதைக்கே அதுதான் பெயர். ஆனாலும் அடைக்கலப் பொருள் கை மாறுமே தவிர உடைமை மாறாது.

மிஞ்சுவது நம் அரசாங்கத் தமிழின் 'நம்பிக்கைப் பொறுப்பு'. அரசாங்கத் தமிழை நான் எளிதில் மெச்சுகிறவன் அல்ல, இதில் மெச்சுகிறேன். 'நம்பு' தொல்காப்பியத்தில் விருப்பத்தைக் குறிக்கிறது: "நம்பும் மேவும் நசையாகும்மே". பின்னால்தான் அது இன்றைய பொருளுக்கு வந்தது. 'பொறுப்பு' பொறுத்தலில் பிறந்தது, சுமை தாங்குவது. கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுமை அவளுடையது, கொழுந்து அவளுடையது அல்ல.

கடைக்காரரின் மகளுக்கு 26 வயது. தனியாகக் கணக்கு வழக்குப் பார்க்க முடியாத பிள்ளை. "என் தம்பி பேருக்கு எழுதிட்டா போதாதா சேர்?" என்றார். நம் ஊர்களில் பாதிச் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. உறுதிப் பத்திரத்தில் வெறுமனே தம்பி பேரை எழுதினால், பார்க்கிறவர்களுக்குத் தம்பிதான் சொந்தக்காரர். அனுபவ உரிமையைக் கொடுக்கும் நோக்கம் இருக்கவில்லை என்று நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் வாதாட வேண்டியது யார்? அந்தப் பிள்ளை. காணி, கட்டடம் என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதும் உறுதியிலேயே நம்பிக்கைப் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மரணசாசனத்திலும் எழுதலாம், அதற்கு நொத்தாரிசும் 2 சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் 5 சாட்சிகளும் வேண்டும். லயக் காம்பராவை இப்படி எழுதி வைக்க முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. உறுதி கையில் இல்லாததை யார் பேருக்கும் எழுத முடியாது.

ஆளைத் தேர்வதில் பாசத்தை விட வயதை முதலில் பார்க்கச் சொன்னேன். தம்பிக்கு 58. அவருக்குப் பின் யார் என்பதும் உறுதியில் இருக்க வேண்டும். இரண்டு பேரைப் போட்டால் ஒருவர் கணக்கை மற்றவர் பார்ப்பார். ஆனால் இருவரும் சேர்ந்துதான் எதையும் செய்ய முடியும் என்பதால், பேச்சுவார்த்தை இல்லாத இருவரைப் போடக்கூடாது. உறுதியில் எழுதி வைக்காவிட்டால் ட்ரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது. அந்தச் சொத்தைத் தானே வாங்கவும் கூடாது. ஏற்பதற்கு முன் மறுக்கலாம், ஏற்ற பின் நினைத்தபடி உதற முடியாது. ஆகவே தம்பியிடம் முதலில் கேளுங்கள் என்றேன். ஆளே அமையாதவர்களுக்குப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று அரசாங்கத்திலேயே ஒருவர் உண்டு.

தம்பியோடு, பேங்கில் வேலை செய்யும் தங்கச்சி மகளையும் போடுவதாக முடிவு செய்தார். 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்பதை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு, "ரொம்ப நீளமா இருக்கே சேர்" என்றார். வீட்டில் போய் 'ட்ரஸ்டி' என்றுதான் சொல்லியிருப்பார்.