பறவையைப் பார்க்காதீர்கள், குமிழைத் திருகுங்கள்: பழைய ஜெர்மன் பேனாவை இனம்காணும் வழி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாத்தாவின் பெட்டியில் பச்சையும் கறுப்பும் கலந்த மைப்பேனா ஒன்று கிடைத்தது. மூடியின் உச்சியில் ஒரு பறவை, அதன் காலடியில் குஞ்சுகள். நிப்பில் 14 காரட் என்று பொறித்திருக்கிறது. பின்பக்கக் குமிழைத் திருகினால் அசைய மறுக்கிறது. இது அசல் ஜெர்மன் பேனாதானா? எந்தக் காலத்தது?"

முதலில் ஒரு வேண்டுகோள்: அந்தக் குமிழை இனிமேல் பலம்கொண்டு திருகாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பறவை பெலிக்கான் நிறுவனத்தின் சின்னம். ஆனால் பழைய பேனாக்களை இனம்காண்பதில் சின்னத்தை நம்புவதுதான் முதல் தவறு. மூடி ஒரு பேனாவிலிருந்து வந்திருக்கலாம், நிப்பு இன்னொன்றிலிருந்து வந்திருக்கலாம். எண்பது வருடத்தில் எத்தனை பழுதுபார்ப்பவர் கை பட்டிருக்குமோ! எளிதில் மாற்ற முடியாதது பேனாவுக்குள் மை ஏறும் பொறி. அது எந்த வகை என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஜெர்மன் பேனாக்களில் பொதுவாக எதிர்ப்படுபவை மூன்று வகை. முதலாவது 'சேஃப்டி' பேனா. குமிழைத் திருகினால் நிப்பே உடலுக்குள் இறங்கிவிடும், மூடியதும் மை கசியாது. மையைச் சொட்டுக்குழாயால்தான் ஊற்ற வேண்டும். ஹாம்பர்க்கில் மான்ட் பிளாங்க் ஆரம்பக் காலத்தில் விற்றது இந்த வகைதான், ஹைடல்பெர்கின் காவெகோவும் இதை நிறையச் செய்தது. இரண்டாவது, உள்ளே ஒரு ரப்பர் பையும் அதை நசுக்க ஒரு பொத்தானும் உள்ள வகை. அந்தப் பை இன்று அநேகமாகப் பிசினாகவோ பொருக்காகவோ மாறியிருக்கும். மூன்றாவது பிஸ்டன். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் இதைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த ஒரு பொறியைப் போல அழகான இயந்திரவியல் உங்கள் சட்டைப்பையில் வேறெதிலும் கிடையாது.

பிஸ்டன் மையை இழுப்பதாகச் சொல்கிறோம். பள்ளியில் படித்ததுதான்: பிஸ்டன் பின்னால் நகர்ந்தால் குழலுக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியிலுள்ள காற்றழுத்தம் மையை உள்ளே தள்ளுகிறது. ஊசிபோடும் சிரிஞ்சும் இதைத்தான் செய்கிறது. ஆனால் சிரிஞ்சின் தண்டு முழுநீளத்துக்கு வெளியே வருகிறது. பேனாவில் அப்படி நாலு சென்டிமீட்டர் தண்டு பின்னால் துருத்திக்கொண்டிருக்க முடியாது. அப்படியானால் ஒரு திருகு வைக்கலாம். இங்கேதான் சிக்கல்.

திருகு அளவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு முன்னேறும் தூரம் புரியிடைத் தூரம். நெருக்கமான மரை போட்டு 1 மி.மீ. புரியிடைத் தூரம் வைத்தால், பிஸ்டன் 40 மி.மீ. நகர 40 சுற்று வேண்டும். மை நிரப்புவதற்குள் விரல் ஓய்ந்துவிடும். சாய்வான மரை போட்டு 8 மி.மீ. வைத்தால் ஐந்தே சுற்றுதான், ஆனால் அந்த மரை தானாகப் பூட்டிக்கொள்ளாது. மரையின் சாய்வு உராய்வை மிஞ்சிவிட்டால், பிஸ்டனைத் தள்ளினாலே குமிழ் சுழன்றுவிடும். 5 மி.மீ. விட்டமுள்ள தண்டின் சுற்றளவு சுமார் 15.7 மி.மீ. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறினால் அது ஏறத்தாழ 27 பாகைச் சரிவு. வழவழப்பான பிளாஸ்டிக்கில் உராய்வு மட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. சட்டைப்பையில் துணி உரசிக் குமிழ் திரும்பினால் மை சட்டையில்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஹங்கேரிப் பொறியாளர் தியோடர் கோவாச். ஒரே குமிழில் இரண்டு மரைகளை அவர் சேர்த்தார். குமிழின் வெளிப்புறத்தில் நெருக்கமான மரை, அது பேனாவின் உடலில் பொருந்துகிறது. குமிழோடு சேர்ந்த சுழல்தண்டில் சாய்வான மரை, அது பிஸ்டன் தண்டில் பொருந்துகிறது. பிஸ்டன் தண்டு தானாகச் சுழலாதபடி தட்டையான பக்கங்களால் தடுக்கப்பட்டிருக்கிறது. முன்னும் பின்னும்தான் அது போகமுடியும்.

கணக்குக்காக வெளி மரைக்கு 1 மி.மீ., உள் மரைக்கு 9 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே திசை மரைகள். குமிழை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். குமிழ் உடலைவிட்டு 1 மி.மீ. பின்னால் வருகிறது. அதே சுற்றில் உள் மரை பிஸ்டனைக் குமிழிலிருந்து 9 மி.மீ. முன்னால் தள்ளுகிறது. குமிழே 1 மி.மீ. பின்வாங்கிவிட்டதால் பிஸ்டனின் நிகர நகர்வு 9 − 1 = 8 மி.மீ. ஐந்து சுற்றில் பிஸ்டன் 40 மி.மீ. ஓடி நிப்பின் அடிவரை போய்விடும். குமிழ் வெளியே வந்ததோ வெறும் 5 மி.மீ. திரும்ப வலப்பக்கம் சுற்றினால் பிஸ்டன் வேகமாகப் பின்னேறி மை உள்ளே ஏறுகிறது. கடைசியில் குமிழின் விளிம்பு உடலில் மோதும்போது அதை இறுக்குவது நெருக்கமான மரை. 8 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. ஏற்றம் என்பது இரண்டு பாகைக்கும் சற்று மேலான சரிவுதான், அது உராய்வைத் தாண்டாது. ஆக ஓட்டத்துக்கு ஒரு மரை, பூட்டுக்கு ஒரு மரை. எதிர்த்திசை மரைகளாக இருந்தால் இரண்டும் கழிபடாமல் கூட்டப்பட்டிருக்கும். கழிப்பதால்தான் இதற்கு வேறுபாட்டுத் திருகு என்று பெயர்.

நம் பாடப்புத்தகங்கள் திருகு அளவியை மீச்சிற்றளவு கணக்குப் போடுவதோடு நிறுத்திவிடுகின்றன. இரண்டு மரையை ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு வகுப்பு எடுத்தால், மாணவர் பாதிப் பேராவது தங்கள் பேனாவைக் கழற்றிப் பார்ப்பார்கள். அப்படிக் கழற்றிப் பார்ப்பதை நாம் குறும்பு என்று திட்டுவதுதான் வருத்தம்.

கோவாச்சின் காப்புரிமை ஹனோவரில் மையும் வண்ணங்களும் தயாரித்துக்கொண்டிருந்த குந்தர் வாக்னர் நிறுவனத்துக்கு, அதாவது பெலிக்கானுக்கு, போனது. 1929-இல் அவர்களுடைய முதல் பேனா வந்தது. உடல் ஒளி ஊடுருவும் பொருளால் ஆனதால் எவ்வளவு மை மிச்சம் என்பது வெளியிலிருந்தே தெரிந்தது. பிறகு '100' என்று பெயர் பெற்றதும் இந்தப் பேனாதான். முதல் சில ஆண்டுகள் இதற்கான நிப்புகளை மான்ட் பிளாங்க்கே செய்துகொடுத்தது என்பது சேகரிப்போருக்குப் பிடித்த தகவல்.

வாசகரின் பேனாவுக்கு வருவோம். மூடிய நிலையில் அளந்து பாருங்கள். 11.6 செ.மீ. அளவில் இருந்தால் அது 100-ஆக இருக்கலாம். சற்றுப் பருமனாக, 12 செ.மீ.க்கு அருகில் இருந்தால் 1937-38 வாக்கில் வந்த 100என். 12.7 செ.மீ.க்கு அருகில், உடலில் நெடுக்குக் கோடுகளுடன் இருந்தால் 1950-இல் தொடங்கிய 400 வரிசை. குஞ்சுகளை எண்ணுவதும் உதவும்: நான்கு என்றால் 1937-38க்கு முந்தைய சின்னம், இரண்டு என்றால் பிந்தையது. ஒன்றே ஒன்று என்றால் 2003-க்குப் பிறகு வந்தது, தாத்தாவுடையதாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து மூடியைப் பாருங்கள். 100-இன் மூடி பெரும்பாலும் எபோனைட், அதாவது கந்தகம் நிறையச் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுப்பு நிறம் பழுப்பாகும். கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். செல்லுலாய்டில் கற்பூர வாடை வரும். கறுப்பு உடலுக்குப் பழுப்பு மூடி அமைந்திருந்தால் இரண்டும் வேறு வேறு பொருள் என்று பொருள், போலி என்றல்ல. பழுப்பைப் போக்கப் பாலிஷ் போட்டு வழித்தெடுப்பவர்கள் பொறித்த எழுத்துகளையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

எழுத்துகள் முக்கியம். டி.ஆர்.பி. என்று இருந்தால் பழைய ஜெர்மன் அரசின் காப்புரிமை, அதாவது போர் முடிவதற்கு முந்தைய அடையாளம். டி.பி.பி. என்று இருந்தால் கூட்டாட்சிக் காலம், 1949-க்குப் பிறகு. மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. மான்ட் பிளாங்க் நிப்பிலுள்ள 4810-ஐ வரிசை எண் என்று நினைத்துத் தேடுபவர்கள் பலர். அது மான்ட் பிளாங்க் மலையின் உயரம், மீட்டரில். 139, 149 போன்ற எண்களில் முதல் இலக்கமான 1 'மைஸ்டர்ஷ்டூக்' வரிசையைக் குறிக்கும், கடைசி 9 பெரிய நிப்பைக் குறிக்கும்.

நிப்பில் 585 என்று இருந்தால் ஆயிரத்தில் 585 பங்கு தங்கம். 14-ஐ 24-ஆல் வகுத்தால் 58.3 சதவீதம் வரும், முத்திரை வழக்கில் 585. தங்கத்தை அழகுக்காகப் போடவில்லை. அக்கால இரும்புச்சத்து மைகள் அமிலத்தன்மை கொண்டவை, சாதாரண எஃகை அரித்துவிடும். 1938-இலிருந்து ஜெர்மனியில் நிப்புக்குத் தங்கம் கிடைப்பது அரிதாகிவிட, குரோம்-நிக்கல் எஃகு வந்தது. பெலிக்கானில் அந்த நிப்புகள் 'சி.என்.' என்று முத்திரை தாங்கும். மஞ்சளாக இல்லை என்று அவற்றை ஒதுக்குவது அறியாமை, எழுத்து அருமையாக வரும். அகலத்துக்கு எஃப், எம், பி என்ற எழுத்துகளும், சரித்து வெட்டியவற்றுக்கு முன்னால் ஓ-வும், கார்பன் நகல் எடுக்கும் விறைப்பான நிப்புக்கு டி-யும் உண்டு. சில 400-களில் இதே எழுத்து குமிழ்ப் பக்கமும் பொறித்திருக்கும். நிப்போடு அது பொருந்தாவிட்டால் நிப்பு மாற்றப்பட்டிருக்கிறது.

"பேனாவை அடுத்தவரிடம் கொடுத்தால் நிப்பு கெட்டுவிடும்" என்பது நம்மூரில் இன்றும் உலவும் நம்பிக்கை. நிப்பின் முனையிலுள்ள மணி ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடின உலோகங்களின் கலவை. காகிதம் அதை வருடக்கணக்கில்தான் கொஞ்சம் தேய்க்கும். ஒரு கையெழுத்துக்கு ஒன்றும் ஆகாது. அழுத்தி எழுதும் பழக்கமுள்ளவர் கையில் கொடுத்தால் இரண்டு பற்களும் விரிந்துபோகும், அது வேறு விஷயம். ஆஸ்மியா என்ற நிறுவனத்தின் பெயரே அந்த உலோகத்திலிருந்துதான் வந்தது. 'இரிடியம் பாயின்ட் ஜெர்மனி' என்று பொறித்த மலிவு நிப்புகளைப் பழைய ஜெர்மன் பேனா என்று நம்பி வாங்காதீர்கள், அந்த எழுத்து எந்த நாட்டில் செய்தது என்பதற்குச் சான்றல்ல.

மற்ற பெயர்களில், ஜெர்மனியின் போன் நகரிலிருந்து வந்த சோனெக்கன் தாளில் துளையிடும் கருவிக்கும் கோப்பு வளையங்களுக்கும் பெயர்பெற்ற நிறுவனம். ஹனோவரின் கேஹா பள்ளிப் பேனாக்களில் சிறு பொத்தானைத் தள்ளினால் சேமிப்பு மை இறங்கும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அது வரம்.

இப்போது அசையாத குமிழ். உள்ளே காய்ந்த மை பிஸ்டனைக் குழலோடு ஒட்டவைத்திருக்கிறது. அந்த நிலையில் பலம் கொடுத்தால் சுழல்தண்டின் மரைதான் அறுபடும், அதற்கு மாற்றுப் பாகம் தேடுவது பெரும்பாடு. நிப்பின் பக்கத்தை அறைவெப்பத் தண்ணீரில் ஓரிரவு மூழ்கவைத்து, தண்ணீரை மாற்றி மறுநாளும் வையுங்கள். வெந்நீர் வேண்டாம், எபோனைட் வளையும், பழுப்பாகும். ஆல்கஹால் கூடவே கூடாது, செல்லுலாய்டைக் கெடுத்துவிடும். அப்படியும் இளகாவிட்டால் பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டுக்குப் பயன்படுத்தும் அம்மோனியா, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அரைமணி நேரம் வைத்துவிட்டு நன்றாக அலசுங்கள்.

குமிழ் இளகியதும் நிப்பைக் கழற்ற வேண்டும். 100, 400 இரண்டிலுமே நிப்பு, அதனடியிலுள்ள மைக்கட்டை, இரண்டையும் பிடிக்கும் வளையம் மூன்றும் சேர்ந்து திருகிப் பொருத்தப்பட்டவை. நிப்பையும் கட்டையையும் விரல்களுக்கிடையே சேர்த்துப் பிடித்து இடப்பக்கம் மெதுவாகத் திருகுங்கள். கட்டை மட்டும் தனியே சுழன்றால் உடனே நிறுத்துங்கள். அதன் மெல்லிய பட்டைகள் உடைந்தால் மை கட்டுப்பாடின்றிக் கொட்டும். 400-இன் ஆரம்பகால மைக்கட்டையில் பட்டைகள் நெடுக்குவாட்டில் இருக்கும், பின்னால் வந்ததில் குறுக்குவாட்டில். இந்தப் பட்டைகளின் வேலை வெப்பத்தோடு சம்பந்தப்பட்டது. பாதி காலியான பேனாவை 25 பாகையிலிருந்து கையின் 34 பாகைக்குச் சூடேற்றினால் உள்ளே உள்ள காற்று சுமார் 3 சதவீதம் விரிந்து மையை வெளியே தள்ளும். அந்த உபரியைச் சந்துகளில் தாங்கிக்கொள்ளத்தான் பட்டைகள்.

அடுத்து பிஸ்டன் முத்திரை, அதாவது மை பின்னால் கசியாதபடி பிஸ்டனுக்கும் குழலுக்கும் இடையே அடைக்கும் பாகம். போருக்கு முந்தைய பேனாக்களில் அது தக்கை, போர்க்காலத்தில் செயற்கைப் பொருளுக்கு மாறியது. ஆண்டுக்கணக்கில் உலர்ந்த தக்கை சுருங்கிவிடும். சோதிக்க, நிப்பைக் கழற்றிய நிலையில் பிஸ்டனை முன்னால் கொண்டுவந்து, குழலின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னால் திருகுங்கள். விரலை உள்ளே இழுக்க வேண்டும், எடுத்தால் 'பட்' என்று சத்தம் வர வேண்டும். இழுவை இருந்தால் குழலின் உட்சுவரில் குண்டூசித் தலையளவு சிலிகான் கிரீஸ் தடவிப் பிஸ்டனை நாலைந்து முறை ஓட்டுங்கள். வாசலின் வேண்டாம். இழுவை இல்லாவிட்டால் முத்திரையை மாற்றியாக வேண்டும்.

கடைசியாகத் தண்ணீர் நிரப்பிப் பேனாவை நிப்பு மேலாக ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, பிஸ்டனை முன்னால் திருகித் தண்ணீரை வெளியே விட்டபின், மை மட்டம் தெரியும் ஒளி ஊடுருவும் பகுதி வழியாக வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு துளி தெரிந்தாலும் முத்திரை விட்டுவிட்டது, மை போடாதீர்கள். தெரியாவிட்டால் மை நிரப்பி, மூன்று சொட்டை வெளியே விட்டு, நிப்பு மேலே பார்க்கக் குமிழை இறுக்கி மூடுங்கள்.