அழித்தது கோப்பு, செத்தது மதர்போர்டு

லினக்ஸில் எதை அழித்தாலும் பென்டிரைவைச் செருகி ஓஎஸ்ஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியம் எல்லா அட்மினுக்கும் உண்டு. 2016 ஜனவரியில் அந்தத் தைரியம் ஆட்டம் கண்டது. எம்எஸ்ஐ லேப்டாப் ஒன்றில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் அழிக்கும் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ கட்டளை ஓடியது. ஹார்டு டிஸ்க் காலியானது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதன் பிறகு மெஷின் பூட் ஆகவே இல்லை. பயாஸ் மெனுகூட எட்டவில்லை.

காரணம் டிஸ்க்கில் இல்லை. மெஷினை எழுப்பி ஓஎஸ்ஸிடம் ஒப்படைக்கும் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் (பழைய பயாஸின் வாரிசு) இருப்பது மதர்போர்டில் ஒட்டிய எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில். பெரும்பாலும் 8 அல்லது 16 எம்பி. அதே சிப்பின் ஒரு சிறு மூலையில்தான் ஃபர்ம்வேர் தன் ‘மாறி’களை வைத்திருக்கிறது: எந்த ஓஎஸ் முதலில், எந்த மொழி, தயாரிப்பாளரின் சொந்த செட்டிங்ஸ் என்று பல. லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில், 3.8 பதிப்பில் வந்த ஈஎஃப்ஐவார்-எஃப்எஸ், இவை ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாகக் காட்டுகிறது. இடம்: /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ/ஈஎஃப்ஐவார்ஸ்.

பூட்ஆர்டர் என்ற கோப்பைத் திறந்து பைட்டுகளைப் பார்த்தால் இப்படி இருக்கும்: 07 00 00 00 03 00 00 00 01 00. முதல் நான்கு பைட் பண்புகள். 7 என்பது 1, 2, 4 மூன்றும் சேர்ந்தது: பவர் போனாலும் நிற்கும், பூட் நேரத்தில் தெரியும், ஓஎஸ் ஓடும்போதும் தெரியும். மீதி, எந்த பூட் பதிவை முதலில் முயல்வது என்ற வரிசை, இரண்டிரண்டு பைட்டாக: முதலில் பூட்0003, பிறகு 0000, பிறகு 0001. பார்க்கக் கோப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அதை அழித்தால், கர்னல் ஃபர்ம்வேரைக் கூப்பிட்டு ‘இந்த மாறியின் அளவு இனி 0’ என்கிறது. ஃபர்ம்வேர் அதை உடனே சிப்பில் எழுதிவிடும். ரீசைக்கிள் பின் கிடையாது.

சிப்பில் நடப்பதும் சுவாரசியமானது. இவ்வகை ஃபிளாஷில் ஒரு பிட்டை 1-லிருந்து 0 ஆக்கலாம். திரும்ப 1 ஆக்க வேண்டுமென்றால் குறைந்தது 4 கேபி துண்டு முழுவதையும் துடைக்க வேண்டும். எனவே மதிப்பு மாறும்போதெல்லாம் பழையதன் மேல் எழுதாமல், கணக்குப் புத்தகம் போல அடுத்த வெற்றிடத்தில் புதிய பதிவு விழுகிறது. பல ஃபர்ம்வேர்களுக்கு அடிப்படையான ஈடிகே2 மூலநிரலில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிலை பைட் உண்டு. தொடக்கத்தில் 11111111, தலைப்பு எழுதியதும் 01111111, தரவு முழுதாக விழுந்ததும் 00111111. மாற்றும்போது பழைய பதிவு முதலில் 00111110 ஆகி ‘போகப்போகிறேன்’ என்கிறது. புதியது பத்திரமாக விழுந்த பிறகே 00111100 ஆகிச் சாகிறது. நடுவில் கரன்ட் போனாலும் இரண்டில் ஒன்று மிஞ்சும். செத்த பதிவுகள் சேர்ந்து இடம் நிரம்பும்போது மொத்தமாகத் துடைத்து அடுக்குவார்கள்.

அந்த நிரம்பும் கட்டமே 2013-ல் சில சாம்சங் லேப்டாப்களைக் கொன்றது. மாறிகளுக்கான இடத்தை விண்டோஸிலிருந்து நிரப்பினாலும் அதே கதிதான் என்று லினக்ஸ் நிரலாளர் மேத்யூ காரெட் காட்டினார். அதன் பிறகு லினக்ஸ் கர்னல் சுமார் 5 கேபியைத் தொடாமல் விட்டுவைக்கப் பழகிக்கொண்டது.

அழித்தால் ஏன் சாக வேண்டும்? மாறி காணாமல் போனால் ஃபர்ம்வேர் தன் இயல்பு மதிப்புகளைக் கொண்டு எழுந்திருக்க வேண்டும். சில தயாரிப்பாளர்களின் நிரல், மாறி அங்கேதான் இருக்கும் என்று நம்பிப் படிக்கிறது. கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது, திரை உயிர் பெறும் முன்பே. பழியை ரூட் மேல் போடுவது நியாயமில்லை. அப்படிப்பட்ட மாறியை ஓஎஸ் கண்ணில் படாதபடி, பூட் நேரத்துக்கு மட்டும் என்று குறித்திருந்தால் போதும், ‘ஆர்எம்’ அதைத் தொட்டே இருக்காது.

ஆனாலும் எல்லா போர்டுகளையும் திருத்த முடியாதே. லினக்ஸ் நிரலாளர் பீட்டர் ஜோன்ஸ் எழுதி கர்னல் 4.5-ல் சேர்ந்த மாற்றம் வேறு வழியில் போனது. யூஈஎஃப்ஐ தரநிலையில் பெயர் உள்ள பூட்ஆர்டர், பூட்0003 போன்றவை திறந்தே இருக்கும். கர்னலுக்குத் தெரியாத பெயர்கள் எல்லாவற்றுக்கும் ‘மாற்றக்கூடாது’ கொடி ஏறும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரியான முடிவு. பூட்ஆர்டர் போனால் பென்டிரைவிலிருந்து பூட் செய்து சரிபண்ணலாம். பெயர் தெரியாதது போனால் என்ன ஆகும் என்று தயாரிப்பாளருக்குத்தான் வெளிச்சம். கொடி ஏறிய கோப்பை ரூட்டாலும் நேரடியாக அழிக்க முடியாது. ‘சாட்டர்’ கட்டளையில் மைனஸ் ஐ கொடுத்துக் கொடியை இறக்க வேண்டும். வேண்டுமென்றே செய்பவரை இது தடுக்காது. தடுக்க நினைக்கவும் இல்லை.

‘ஆர்எம்’ நேராக ‘/’ என்றால் மறுத்துவிடும். ஆனால் ‘/*’ என்றால், கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் அதை முன்கூட்டியே ஃபோல்டர் பெயர்களாக விரித்துக் கொடுத்துவிடுவதால் அந்தக் காவல் வேலை செய்யாது. இதைவிட அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் சிஹெச்ரூட், அதாவது ஒரு ஃபோல்டரையே முழு சிஸ்டமாக வைத்துக்கொண்டு உள்ளே வேலை செய்வது. பழுதான சிஸ்டத்தைச் சரிசெய்ய /எம்என்டி-க்குக் கீழே /சிஸ்-ஐ ‘ஆர்பைண்ட்’ செய்துவிட்டு (உள்ளே இருக்கும் ஈஎஃப்ஐவார்ஸோடு சேர்த்து அங்கேயும் தெரியும்படி இணைத்துவிட்டு), வேலை முடிந்ததும் மறந்துபோய் அந்த ஃபோல்டரை அழித்தால், நிஜ மதர்போர்டின் மாறிகள்தான் போகும். முதலில் ‘அன்மவுண்ட்’ செய்து, ‘ஃபைண்ட்மவுண்ட்’ கொண்டு எதுவும் ஒட்டிக்கொண்டில்லை என்று பாருங்கள். அழிக்கும்போது ‘ஒன்-ஃபைல்-சிஸ்டம்’ விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வர்களில் ஒரு படி மேலே போகலாம். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஈஎஃப்ஐவார்ஸுக்கு ஒரு வரி சேர்த்து, படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள். க்ரப் இன்ஸ்டால், ஈஎஃப்ஐ பூட் மேனேஜர், ஃபர்ம்வேர் அப்டேட் ஆகியவை மாறிகளை எழுத முடியாமல் அப்போது முறைக்கும். அந்த வேலைக்கு மட்டும் எழுதும் நிலையில் ரீமவுண்ட் செய்து, முடிந்ததும் பூட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே போய்விட்டதா? சிமோஸ் பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை. ஃபிளாஷ் பேட்டரியை நம்பி வாழவில்லை. சார்ஜரையும் மெயின் பேட்டரியையும் எடுத்துவிட்டு, எட்டுக் கால் கிளிப்பும் சிஹெச்341ஏ புரோகிராமரும் (ஃபிளாஷ் சிப்பைப் படித்து எழுதும் சிறு கருவி) கொண்டு சிப்பைப் படிக்க வேண்டும். முதலில் சிப்பின் எண்ணைப் பாருங்கள்: வின்பாண்ட் 25கியூ128எஃப்வி என்றால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்றால் 1.8 வோல்ட். மலிவான புரோகிராமர்கள் சில, டேட்டா கால்களில் 5 வோல்ட்டை அனுப்பிவிடும்; மீட்டர் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருந்தால் மட்டும் மேலே போங்கள். தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் இமேஜை அப்படியே முழுதாக எழுதினால் சீரியல் எண்ணும், பல போர்டுகளில் மேக் முகவரியும் சேர்ந்து போகும். ஃபர்ம்வேர் இமேஜைப் பிரித்துக் காட்டும் யூஈஎஃப்ஐடூலில், சிப்பிலிருந்து படித்த உங்கள் பழைய பிரதியைத் திறந்து, மாறிகள் இருக்கும் பகுதியை மட்டும் நல்ல இமேஜிலிருந்து எடுத்து மாற்றி எழுதுங்கள். முதல் பூட்டில் ரேமை மறுபடி அளந்து பார்க்கும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம். அவசரப்பட்டு பவரைப் பிடுங்காதீர்கள்.