வைஃபை வரலையா? தயவுசெய்து ஃபார்மட் மட்டும் போடாதீங்க

போன வாரம் கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு அப்பாவும் மகளும் வாசலில் நின்றிருந்தார்கள். மகள் இன்ஜினியரிங் கடைசி வருடம். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அப்பாதான் பேசினார். "தம்பி, வைஃபை எடுக்க மாட்டேங்குது. ஃபார்மட்டும் போட்டுப் பாத்தாச்சு."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். "உள்ள இருந்ததையெல்லாம் வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு மாதமாக வைஃபை விட்டு விட்டு வந்திருக்கிறது. பெரியப்பா பையன் பென்டிரைவோடு வந்து, எல்லா பார்டிஷனையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றியிருக்கிறார். ஏற்றி முடித்ததும் விண்டோஸ் முதலில் கேட்டதே நெட் இணைப்புதான். வைஃபை பட்டியல் காலி. நெட் கொடுக்காமல் அடுத்த பக்கம் போகவே முடியவில்லை. நெட் வரவில்லை என்று ஃபார்மட் போட்டவர்களுக்கு இப்போது நெட் இல்லாததால் லேப்டாப்பே திறக்கவில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கோடிங், நாலு வருடப் படங்கள் எல்லாம் போயாச்சு.

14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்த லேப்டாப் இது மூன்றாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன பார்ப்போம்? கரன்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு மூடியிருக்கிறதா? யாராவது வீட்டின் தரையைப் பெயர்த்துப் புது டைல்ஸ் போடுவார்களா? வைஃபை வரவில்லை என்று ஃபார்மட் போடுவது அந்த வேலைதான். தெருவில் வரும் ஃபைபர், வீட்டில் இருக்கும் ரவுட்டர், லேப்டாப்புக்குள் இருக்கும் ஆண்டெனா, வைஃபை கார்டு, அதை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர், விண்டோஸ் செட்டிங்ஸ், அப்புறம் வெப்சைட் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் என்று நெட் வரும் வழியில் இத்தனை இடம் இருக்கிறது. ஃபார்மட் தொடுவது இதில் டிரைவரையும் செட்டிங்ஸையும் மட்டும். அந்த இரண்டையும் ஒரு ஃபைல்கூட அழியாமல் ஐந்து நிமிடத்தில் சரிசெய்ய விண்டோஸிலேயே வழி இருக்கிறது. மற்ற இடங்களில் கோளாறு என்றால் நூறு தடவை ஃபார்மட் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று. லேப்டாப் கம்பெனியிலிருந்து வரும்போது அந்த மாடலின் வைஃபை கார்டுக்கு உரிய டிரைவரோடு வருகிறது. நீங்கள் பென்டிரைவில் கொண்டுவரும் விண்டோஸில் அது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கார்டு புதிது என்றால் பெரும்பாலும் இருக்காது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றையும் நாமே பிடுங்கி எறிந்துவிட்டு, "இப்போ சுத்தமா வைஃபையே காட்டலைண்ணே" என்று வந்து நிற்கிறோம்.

"அழிஞ்சதை எடுத்துடலாம்ல?" என்பது அடுத்த கேள்வி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்தால், அதன்மேல் வேறு எதுவும் எழுதாதவரை, ஓரளவு மீட்கலாம். இப்போது எல்லாம் எஸ்எஸ்டி, சுழலாத சிப் டிஸ்க். ஃபார்மட் ஆனவுடன் 'இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை' என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும்; எஸ்எஸ்டி தன் பாட்டுக்கு உள்ளே துடைத்து வைத்துவிடும். மீட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்குவதில்லை.

சரி, ஃபார்மட்டுக்கு முன்னால் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது. "என் போன்ல நெட் நல்லா வருதே, லேப்டாப்லதான் வரல." இதை நம்பி நானே ஆரம்ப காலத்தில் ஏமாந்திருக்கிறேன். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்தால் போன் பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே சிம் டேட்டாவுக்கு மாறிவிடும். வீடியோ ஓடும், வாட்ஸ்அப் போகும். லேப்டாப்புக்கு சிம் இல்லை, பாவம், அது உண்மையைச் சொல்கிறது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது திறந்து பாருங்கள். போனிலும் வரவில்லையா? லேப்டாப்பை மூடி வையுங்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறதா, மாதப் பணம் முடிந்துவிட்டதா என்று பார்த்து, கேபிள்காரருக்கு போன் போடுங்கள். லாரி உரசி ஃபைபர் அறுந்துபோனதற்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் உண்டு.

போனில் வைஃபை மட்டும் வைத்தே நெட் வந்தால், அப்போது லேப்டாப் பக்கம் திரும்பலாம். "வைஃபை வரல" என்று நீங்கள் சொல்லும் ஒரே வார்த்தை எனக்கு மூன்று வேறு வியாதி. பட்டியலே காட்டாதது ஒன்று. பட்டியலில் பெயர் இருந்தும் சேராதது ஒன்று. சேர்ந்துவிட்டு உலக உருண்டைப் படத்தைக் காட்டிக்கொண்டு நெட் மட்டும் வராதது இன்னொன்று. கடைக்கு போன் செய்யும்போது இதில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பட்டியலே இல்லை என்றால் முதலில் ஏர்பிளேன் மோட். கீபோர்டின் மேல் வரிசையில் விமானப் படமோ ஆண்டெனா படமோ போட்ட பட்டன் இருக்கும். துடைக்கும்போதோ, குழந்தை தட்டும்போதோ அது ஆன் ஆகிவிடும். பழைய லேப்டாப் சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்சே இருக்கும். அடுத்து, ரீஸ்டார்ட். "ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். சீக்கிரம் எழுவதற்காக டிரைவர்களின் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். குழம்பிய டிரைவர் மறுநாள் காலையும் குழம்பியேதான் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக இறங்கி ஏறும். அதிலும் வரவில்லையென்றால் அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கள். பல லேப்டாப்பில் காணாமல் போன வைஃபை கார்டு இதிலேயே திரும்பி வந்துவிடும்.

அப்புறமும் இல்லையென்றால் டிவைஸ் மேனேஜர், அதாவது லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பக்கம். வைஃபை கார்டின் பெயர்மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் பிரச்சினை. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால், 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குப் போங்கள். புது டிரைவர் வேண்டும், ஆனால் நெட் இல்லையே என்கிறீர்களா? போனை சார்ஜர் கேபிளிலேயே லேப்டாப்பில் செருகி, போனில் யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். வைஃபை கார்டு செத்திருந்தாலும் அந்த வழியில் நெட் வரும். கம்பெனியின் சொந்த சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலைப் போட்டு டிரைவர் எடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பெயர் காட்டுகிறது, சேரவில்லை என்றால், ரவுட்டரில் பாஸ்வேர்ட் மாறியிருக்கலாம். அந்தப் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். புது ரவுட்டர் மாட்டிய அன்றே தொடங்கிய தொல்லை என்றால், ரவுட்டர் டபிள்யூபிஏ3 பாதுகாப்பில் மட்டும் இருக்கிறதா என்று கேபிள்காரரிடம் கேளுங்கள். பழைய கார்டுகளுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2-ம் 3-ம் கலந்த மோடில் வைக்கச் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று இருப்பது மட்டும் பட்டியலில் வரவில்லையா? அது சிம் கார்டு 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ். பழைய, விலை குறைந்த லேப்டாப் பலவற்றில் 2.4 மட்டும்தான் எடுக்கும். அது கோளாறே அல்ல. இதற்கும் ஒருவர் ஃபார்மட் போட்டுக்கொண்டு வந்தார்.

சேர்ந்தும் நெட் இல்லை என்றால் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் எந்த வெப்சைட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி நிற்கும். எப்போதோ போட்ட இலவச விபிஎன் இருந்தால் நீக்குங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை. ரவுட்டரை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். எதுவும் பிடிபடவில்லையென்றால் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. சேமித்த வைஃபை பாஸ்வேர்ட்கள் போகும், ஃபைல் ஒன்றும் போகாது. ஃபார்மட் போட்டு நீங்கள் எதிர்பார்ப்பதில் பெரும்பகுதியை இதுவே செய்துவிடும்.

வீடியோவில் ஒருத்தர் சொன்னார் என்று பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங்ஸ் பக்கம்) போய் எதையாவது மாற்றுவது அடுத்த விபரீதம். புது விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் கைவைத்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை லேப்டாப் விற்ற கடைப் பையன் தன் மெயில் ஐடியில் திறந்திருந்தால், கதை முடிந்தது.

கூகுளில் 'வைஃபை கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி முதலில் வரும் எண்ணுக்குப் போன் போடாதீர்கள். ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, திரையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, 10 ரூபாய் கட்டச் சொல்லிக் கணக்கைக் காலி செய்யும் கூட்டம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

அந்தப் பெண்ணின் லேப்டாப்புக்கு வருகிறேன். என் போனை டெதரிங்கில் போட்டு, விண்டோஸ் நெட் கேட்கும் அந்தப் பக்கத்தைத் தாண்டவைத்தேன். அப்டேட்டில் டிரைவர் தானாக ஏறியது. பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர், என் கடை ரவுட்டர், அதுவும் ஒரு கோடு சிக்னலில். ரவுட்டர் என் தலைக்கு மேலேயே இருக்கிறது. அதே இடத்தில் என் போனில் பதினைந்து பெயர் காட்டுகிறது.

"ஹிஞ்ச், அதான் ஸ்கிரீன் மூடித் திறக்குற கீல், மாத்தினீங்களா?"

"ரெண்டு மாசம் முன்னாடி, ஆமாண்ணா. எப்படித் தெரியும்?"

பின்மூடியைக் கழற்றிக் காட்டினேன். வைஃபை கார்டு பாதித் தீப்பெட்டி அளவுதான். அதன் ஓரத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு தங்கநிறப் புள்ளிகள். கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய வயர்கள் அதில் குத்தி நிற்க வேண்டும். அவைதான் ஆண்டெனா, ஹிஞ்ச் வழியாக மேலேறி ஸ்கிரீனைச் சுற்றிப் போகும். வெள்ளை வயர் புள்ளியிலிருந்து எழும்பி ஓரமாகக் கிடந்தது. கறுப்பு வயர் ஹிஞ்சின் இரும்புக்கு அடியில் நசுங்கி, செம்பு தெரிந்தது. மாற்றிய கடைக்காரர் வயரை அதன் தடத்தில் உட்காரவைக்காமல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்டார். மூடித் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்திருக்கிறது. இந்த ஒரு மாதத் தொல்லைக்குக் காரணம் இவ்வளவுதான். எந்த விண்டோஸ் வந்து இதை ஒட்டவைக்கும்?

அதனால், ஹிஞ்ச், ஸ்கிரீன், கீபோர்டு எது மாற்றினாலும் கடையை விட்டு இறங்கும் முன் வைஃபையைப் போட்டுப் பாருங்கள். நாலடி தள்ளி நின்றும் பாருங்கள். 'ரவுட்டர் பக்கத்துல போனா மட்டும் வருது' என்றால் ஆண்டெனா வயர் என்று சொல்லிக் கொடுங்கள். யாராவது பென்டிரைவை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. ஃபார்மட் போட்டே ஆகவேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். கோபப்பட்டால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். போட்டால் நூற்றுக்கணக்கில் காசு, அரை மணி நேர வேலை. எங்கள் தொழிலில் ஃபார்மட் இவ்வளவு பிரபலமானதற்கு அதுவும் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. கிராக் போட்ட விண்டோஸும் வேண்டாம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பின் லைசென்ஸ் போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பை ஏற்றினால் தானாக ஆக்டிவேட் ஆகும்.

வயர் செட் மாற்ற 40 நிமிடம் ஆனது. 450 ரூபாய் வாங்கினேன். வயர் மாற்றிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண்ணை வாட்ஸ்அப்பில் தேடச் சொன்னேன். இரண்டாம் ரிவ்யூவுக்காக கைடுக்கு அனுப்பிய பிடிஎஃப் ஒன்று கிடைத்தது, மூன்றாம் அத்தியாயம்வரை. நான்காவதைக் கடை பெஞ்சில் உட்கார்ந்தே டைப் செய்ய ஆரம்பித்துவிட்டாள். அப்பா எதிர்க் கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தார்.